இரண்டு ரூபாய் ஆட்சேபம்: 2021 திருப்பதி இடைத்தேர்தலும் கள்ள ஓட்டுக்கான சான்றும்

2021 ஏப்ரல் 17, சனிக்கிழமை. திருப்பதி நாடாளுமன்றத் தொகுதிக்கு இடைத்தேர்தல். வாக்குப்பதிவு தொடங்கிய சில மணி நேரத்திலேயே தெலுங்குத் தொலைக்காட்சிகளில் ஒரே மாதிரியான படங்கள் வரத் தொடங்கின. நகருக்குள் வந்த பேருந்துகளை எதிர்க்கட்சித் தொண்டர்கள் மறித்து நின்றார்கள். வாக்களிக்க வந்த சிலரிடம் அட்டையை வாங்கிப் பார்த்து, அதில் அச்சாகியிருந்த அப்பா பெயரைச் சொல்லச் சொன்னார்கள். அவர்களில் பலர் சொல்லத் தெரியாமல் விழித்தார்கள். தெலுங்கு தேசமும் பாஜகவும் இதைத் தேர்தலாகவே ஏற்க முடியாது என்றன, சாலையில் உட்கார்ந்தன, மறுவாக்குப்பதிவு கேட்டன. ஆளுங்கட்சியான ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸோ, வந்தவர்கள் மலைக்குப் போகும் பக்தர்கள் என்றும், தோல்வி பயத்தில் எதிர்க்கட்சிகள் கூச்சல் போடுகின்றன என்றும் சொன்னது. மறுவாக்குப்பதிவு நடக்கவில்லை. மே 2 அன்று வாக்குகள் எண்ணப்பட்டன.

இந்தத் தேர்தலில் வென்றது யார் என்பதில் எனக்கு ஐயமில்லை. நடந்த முறைகேடு உண்மையானது என்று நம்பவும் போதிய காரணம் இருக்கிறது. இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியும் என்பதை நம் கட்சிகளும் ஒப்புக்கொள்வதில்லை, சட்டமும் கணக்கில் எடுப்பதில்லை. தெருவில் அத்தனை பேர் பார்த்த ஒன்று சட்டத்தின் முன் சான்றாக நிற்காமல் போனது ஏன் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

தொகுதியும் சூழலும்

திருப்பதி ஒரு தனித்தொகுதி. அன்றைய சித்தூர் மாவட்டத்தின் திருப்பதி, ஸ்ரீகாளஹஸ்தி, சத்தியவேடு, நெல்லூர் மாவட்டத்தின் சர்வேபள்ளி, கூடூர், சூளூர்பேட்டை, வெங்கடகிரி ஆகிய ஏழு சட்டமன்றத் தொகுதிகள் இதில் அடக்கம். திருப்பதி தனி மாவட்டமானது 2022 ஏப்ரலில்தான். சத்தியவேடும் சூளூர்பேட்டையும் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டியவை. திருவள்ளூர் மாவட்டத்துக்காரர்கள் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் ஊர்கள்.

2019இல் இங்கே வென்ற பல்லி துர்கா பிரசாத் ராவ் 2020 செப்டம்பரில் சென்னையில் காலமானார். இடைத்தேர்தலில் ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் சார்பில் மத்தில குருமூர்த்தியும், தெலுங்கு தேசம் சார்பில் முன்னாள் மத்திய அமைச்சர் பனபாக லட்சுமியும், பாஜக சார்பில் கர்நாடகத்தின் முன்னாள் தலைமைச் செயலாளர் ரத்னபிரபாவும் நின்றார்கள். காங்கிரஸுக்கு, இதே தொகுதியில் முன்பு பலமுறை வென்ற சிந்தா மோகன்.

அந்த ஏப்ரல் மாதமே கசப்பில்தான் தொடங்கியது. மாவட்ட, மண்டல பரிஷத் தேர்தல்கள் நேர்மையாக நடக்காது என்று சொல்லி அவற்றைப் புறக்கணிப்பதாகத் தெலுங்கு தேசம் மாதத் தொடக்கத்திலேயே அறிவித்திருந்தது. ஏப்ரல் 12 அன்று திருப்பதியில் சந்திரபாபு நாயுடுவின் பிரசாரக் கூட்டத்தில் கல் விழுந்தது. அவர் சாலையிலேயே அமர்ந்து தர்ணா செய்தார். முதல்வர் ஜெகன்மோகன் ரெட்டி, கொரோனா இரண்டாம் அலையைக் காரணம் காட்டி ஏப்ரல் 14 கூட்டத்தை ரத்து செய்தார். ஆக, வாக்குப்பதிவு நாள் வருவதற்கு முன்பே ஒரு தரப்பு மறுதரப்பை நம்புவதை விட்டிருந்தது. மறிக்கப்பட்ட பேருந்துகளை இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும்.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

குருமூர்த்தி 6,26,108 வாக்குகள் பெற்றார். பனபாக லட்சுமிக்கு 3,54,516. வித்தியாசம் 2,71,592. 2019இல் அதே இரு கட்சிகளுக்கு இடையிலான வித்தியாசம் 2,28,376. இடைத்தேர்தலில் இது 43,216 கூடியிருக்கிறது.

இந்த உயர்வையே முறைகேட்டுக்குச் சான்றாகக் காட்டலாம் என்று தோன்றும். அந்த வாதம் நிற்காது. 2019இல் சட்டமன்றத் தேர்தலும் சேர்ந்து நடந்ததால் எண்பது சதவீதத்தை ஒட்டியிருந்த வாக்குப்பதிவு, 2021இல் சுமார் 64 சதவீதத்துக்கு இறங்கியது. இரு கட்சிகளுமே வாக்கை இழந்தன: ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் 96,769, தெலுங்கு தேசம் 1,39,985. ஆளுங்கட்சியின் வாக்கு ஏறியதால் வித்தியாசம் கூடவில்லை. எதிர்க்கட்சியின் வாக்கு அதைவிட வேகமாகக் கரைந்ததால் கூடியது. ஆட்சியில் இருக்கும் கட்சிக்கு இடைத்தேர்தல் சாதகமாக அமைவது தமிழ்நாட்டு வாசகர்களுக்குப் புதிய செய்தியும் இல்லை. ஒரு பேருந்துக்கு ஐம்பது பேர் என்று வைத்தாலும் 2,71,592 பேரை ஏற்றி வர ஐயாயிரத்து நானூறுக்கும் மேற்பட்ட நடைகள் வேண்டும். முடிவைத் திருப்பும் அளவுக்குக் கள்ள ஓட்டு விழுந்தது என்பதை நம்ப இடமில்லை.

இங்கேதான் ஆளுங்கட்சித் தரப்பு ஒரு தாவல் தாவியது: இவ்வளவு பெரிய வெற்றிக்குக் கள்ள ஓட்டு எதற்கு, ஆகவே கள்ள ஓட்டே இல்லை என்றது. தேவையில்லாத குற்றத்தை யாரும் செய்வதில்லை என்று யார் சொன்னது? உள்ளூர்த் தலைவர்கள் தங்கள் பகுதியில் இத்தனை ஆயிரம் வித்தியாசம் காட்டுவேன் என்று மேலிடத்தில் வாக்குக் கொடுத்திருப்பார்கள். வெற்றி உறுதியான தேர்தலிலும் அந்த வாக்கைக் காப்பாற்றும் கட்டாயம் அவர்களுக்கு உண்டு.

பக்தர்கள் என்ற விளக்கத்தையும் எடைபோட வேண்டும். திருப்பதியைப் போன்ற ஊரில் வெளியூர்ப் பேருந்து என்பது தனியாக எதையும் நிறுவாது. வேலூரிலிருந்தும் காஞ்சிபுரத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் வரும் வண்டிகள் மலையடிவாரத்து அலிபிரி பக்கம் நிற்காத நாளே கிடையாது. ஆனால் அந்த வாரம் வழக்கமான வாரமாக இல்லை. தொற்று பரவியதால் இலவச சர்வ தரிசன டோக்கன் வழங்குவதைத் தேவஸ்தானம் நிறுத்தி வைத்திருந்தது. அதோடு, மலைக்குப் போகும் பக்தரின் கையில் திருப்பதித் தெரு முகவரியோடு இன்னொருவர் பெயரில் வாக்காளர் அட்டை இருக்க வேண்டிய அவசியம் என்ன? பேருந்துகளைப் பற்றிய கேள்விக்குப் ‘பக்தர்கள்’ என்பது பதிலாகலாம். அட்டைகளைப் பற்றிய கேள்விக்கு அது பதில் ஆகாது.

அட்டைகளைப் பற்றிய தகவல் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கழித்து வந்தது. 2021இல் திருப்பதி சட்டமன்றத் தொகுதியின் வாக்காளர் பதிவு அலுவலராக இருந்த ஐ.ஏ.எஸ். அதிகாரியைப் பணியிடை நீக்கம் செய்யும்படி 2024 ஜனவரியில் தேர்தல் ஆணையம் உத்தரவிட்டது. அவருடைய பயனர் கணக்கைப் பயன்படுத்தி முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட வாக்காளர் அட்டைகள் தரவிறக்கம் செய்யப்பட்டன என்று செய்திகள் கூறின. பணியிடை நீக்கம் தண்டனை ஆகாது. தரவிறக்கப்பட்ட ஒவ்வோர் அட்டையும் ஒரு வாக்காக விழுந்தது என்பதற்கும் அது சான்றல்ல. ஆனாலும், தெருவில் பிடிபட்ட அட்டைகள் எங்கிருந்து வந்திருக்கக் கூடும் என்பதற்கு ஒரு வழியை அது காட்டியது. பேருந்தை மறித்தவர்கள் பார்த்தது வெறும் கற்பனை இல்லை என்று ஆணையமே மறைமுகமாக ஏற்றது என்றுதான் நான் அதை வாசிக்கிறேன். அதற்குள் அந்த நாடாளுமன்றத்தின் ஆயுளே முடியும் தறுவாய்க்கு வந்திருந்தது.

சந்திரகிரியில் முடிந்தது

திருப்பதி நகரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் சந்திரகிரி, சித்தூர் நாடாளுமன்றத் தொகுதிக்குள் வருகிறது. அங்கே 2019இல் நடந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் திருப்பதியின் சிக்கல் புரியும்.

2019 ஏப்ரல் 11 அன்று ஆந்திரத்தில் வாக்குப்பதிவு. அப்போது ஆட்சியில் தெலுங்கு தேசம். புகார் கொடுத்தது ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ். சந்திரகிரியின் சில கிராமங்களில் தலித் மக்களை வாக்களிக்க விடவில்லை என்பது புகார். ஒரு மாதத்துக்கும் மேல் கழித்து, மே 15 அன்று ஐந்து சாவடிகளில் மறுவாக்குப்பதிவுக்கு ஆணையம் உத்தரவிட்டது. பின்னர் மேலும் இரண்டு சாவடிகள் சேர்ந்தன. மே 19 அன்று ஏழு சாவடிகளிலும் மீண்டும் வாக்களித்தார்கள். இவ்வளவு தாமதமாக, எதிர்க்கட்சியின் பேச்சைக் கேட்டு உத்தரவு போட்டதாகத் தெலுங்கு தேசம் கொதித்தது, ஆணையத்தில் முறையிட்டது. 2021இல் மறுவாக்குப்பதிவு கேட்ட அதே கட்சிதான் 2019இல் அதை எதிர்த்தது. 2019இல் கேட்ட கட்சி 2021இல் அதைக் கேலி செய்தது. கட்சிகளின் நிலைப்பாட்டை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது என்பதற்கு இதற்கு மேல் உதாரணம் வேண்டாம்.

சந்திரகிரியில் தீர்வு சாத்தியமானதற்குக் காரணம், அங்கே நடந்த தவறு ஒரு சாவடிக்குள் அடங்கியது. பாதிக்கப்பட்டவர்கள் அதே ஊர்க்காரர்கள்; எங்களை விடவில்லை என்று தங்கள் பெயரில் சொல்லக் கூடியவர்கள். சாவடியில் கேமரா பதிவு இருந்தது. தவறுக்கு ஓர் எண் இருந்தது: இந்தச் சாவடி, இந்த நாள். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 58, 58ஏ பிரிவுகள் மறுவாக்குப்பதிவைச் சாவடி என்ற அலகை வைத்தே யோசிக்கின்றன. அரசியல் சாசனத்தின் 324ஆம் பிரிவு ஆணையத்துக்குத் தரும் பரந்த அதிகாரத்தை மொஹிந்தர் சிங் கில் வழக்கில் 1977இல் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. தொகுதி முழுவதற்கும் மறுவாக்குப்பதிவு என்பதும் அதற்குள் வரும். நடைமுறையில் ஆணையத்தின் கை சாவடியைத் தாண்டி நீள்வது அரிது.

திருப்பதியில் சொல்லப்பட்ட தவறு சாவடியில் பிறக்கவில்லை. வாக்காளர் பட்டியலில், ஒரு கணினித் திரையில், வாக்குப்பதிவுக்கு முன்பே அது பிறந்திருந்தது. சாவடிக்கு வரும்போது அதன் கையில் அட்டை இருந்தது, பட்டியலில் பெயர் இருந்தது, பார்வைக்கு எல்லாம் ஒழுங்காக இருந்தது.

சாவடிக்குள்

வாக்குச்சாவடியில் கள்ள ஓட்டைத் தடுக்கச் சட்டம் வைத்திருக்கும் ஏற்பாடு பழமையானது, ஒரு காலத்தில் நன்றாக வேலை செய்தது. உள்ளே வருபவரின் பெயரையும் வரிசை எண்ணையும் முதல் வாக்குப்பதிவு அலுவலர் உரக்கப் படிப்பார். பக்கத்து பெஞ்சில் கட்சிகளின் பூத் ஏஜென்ட்டுகள் தங்கள் கைப்பட்டியலில் அந்தப் பெயரைத் தேடி டிக் அடிப்பார்கள். முகம் பெயரோடு ஒட்டவில்லை என்று தோன்றினால் ஏஜென்ட் ஆட்சேபிக்கலாம். 1961ஆம் ஆண்டு தேர்தல் நடத்தை விதிகளின் 49ஜே பிரிவின்படி, ஆட்சேபம் ஒன்றுக்கு இரண்டு ரூபாய் ரொக்கமாகக் கட்ட வேண்டும். தலைமை அலுவலர் அங்கேயே சுருக்கமாக விசாரித்து முடிவு சொல்வார். வீம்புக்குச் செய்த ஆட்சேபம் என்று தெரிந்தால் அந்த இரண்டு ரூபாய் போய்விடும்.

இந்த ஏற்பாடு முழுக்க ஏஜென்ட்டின் நினைவில் நிற்கிறது. சந்திரகிரியின் ஒரு கிராமத்தில் யார் யார் மகன், யார் எந்த ஊருக்கு வாக்கப்பட்டுப் போனாள் என்பது ஏஜென்ட்டுக்கு அத்துப்படி. திருப்பதி நகரம் அப்படியல்ல. ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழக மாணவர்கள், தேவஸ்தான ஊழியர்கள், விடுதிகளிலும் உணவகங்களிலும் வேலை பார்ப்பவர்கள், ஆண்டுக்கொரு வீடு மாறும் வாடகைக் குடும்பங்கள் என்று ஊரே வந்து போகிறவர்களால் ஆனது. அடுத்த வீட்டுக்காரரை அடையாளம் தெரியாத தெருவில் எந்த ஏஜென்ட், எந்த முகத்தை ஆட்சேபிப்பார்? அதனால்தான் ஆட்சேபம் சாவடியை விட்டு வெளியே வந்து தெருவில் நின்றது. விதிப்படி தலைமை அலுவலர் கேட்க வேண்டிய கேள்விகளைத் தொண்டர்கள் கேட்டார்கள்.

அது தவறு என்றே நினைக்கிறேன். அப்பா பெயரைச் சொல்லத் தடுமாறுபவர் கள்ள வாக்காளராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. கூட்டம் சூழ்ந்து கேமராவை முகத்துக்கு நேராக நீட்டும்போது எவருக்கும் நா குழறும். தெலுங்கு சரளமாக வராத சத்தியவேட்டுத் தமிழரோ, பிழைப்புக்கு வந்து குடியேறியவரோ அந்த விசாரணையில் மாட்டினால் உண்மையான வாக்காளரே வரிசையை விட்டுப் போய்விடுவார். குடிமகனின் அடையாளத்தைச் சோதிக்கும் அதிகாரம் எந்தக் கட்சிக்கும் இல்லை. அதே வேளையில், அந்த அதிகாரம் உள்ளவர்கள் அதைப் பயன்படுத்தியிருந்தால் தெருவில் அந்தக் கூட்டம் கூடியிருக்காது.

இன்னொரு விதியைத் தமிழ் வாசகர்கள் நன்கு அறிவார்கள். 2018இல் வந்த ‘சர்கார்’ படம் 49பி பிரிவைப் பட்டிதொட்டியெல்லாம் கொண்டு சேர்த்தது. தன் வாக்கை வேறொருவர் போட்டுவிட்டார் என்று தெரிந்து வருபவருக்கு, அவர் அடையாளத்தை நிறுவினால், ஆய்வுக்குரிய வாக்குச்சீட்டு தர வேண்டும். அந்தச் சீட்டு தனி உறையில் போகும். வழக்கமான எண்ணிக்கையில் சேராது. நீதிமன்றம் சொன்னால்தான் திறக்கப்படும். ஒரு தனி மனிதரின் இழப்பைப் பதிவு செய்யும் விதி இது. ஆனால் உண்மையான வாக்காளர் சாவடிக்கு வந்தால்தான் பயன்படும். இறந்தவர், ஊரை விட்டுப் போனவர், இரண்டு இடத்தில் பெயர் உள்ளவர் ஆகியோரின் பெயரில் விழும் வாக்குக்கு யாரும் உரிமை கோரி வரப் போவதில்லை. கள்ள ஓட்டுக்குப் பெயர் பொறுக்குகிறவர்கள் இத்தகைய பெயர்களைத்தான் தேடுவார்கள்.

சட்டத்தின் கணக்கு

தேர்தல் நடைமுறை தொடங்கிவிட்டால் நீதிமன்றம் இடையில் நுழையாது என்ற கோட்பாடு, தமிழ்நாட்டு வழக்கொன்றில் உறுதிப்பட்டது. நாமக்கல் தொகுதியில் தன் வேட்புமனு தள்ளுபடியானதை எதிர்த்து பொன்னுசாமி தொடுத்த வழக்கில், 1952 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அரசியல் சாசனத்தின் 329(பி) பிரிவை விளக்கி, எந்தக் குறையானாலும் தேர்தல் முடிந்தபின் தேர்தல் மனுவில்தான் எழுப்ப வேண்டும் என்றது. அன்று நாட்டின் முதல் பொதுத்தேர்தல் நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு வேட்பாளரும் இடையில் வழக்குப் போட்டால் தேர்தலே நடக்காது என்ற அச்சம் நியாயமானது.

தேர்தல் மனுவை முடிவு அறிவித்த 45 நாட்களுக்குள் போட வேண்டும். ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, முடிவதில்லை. ராதாபுரம் சட்டமன்றத் தொகுதியில் 2016இல் 49 வாக்கில் தோற்ற திமுக வேட்பாளர் அப்பாவு தொடுத்த வழக்கில், மறு எண்ணிக்கைக்கு உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது 2019இல். எண்ணியும் முடித்தார்கள், முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அந்தச் சட்டமன்றம் அப்படியே முடிந்துபோனது.

காலதாமதத்தை விட ஆழமான சிக்கல் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 100ஆம் பிரிவில் இருக்கிறது. தகாத வாக்குகள் ஏற்கப்பட்டன என்று நிறுவினால் மட்டும் போதாது. அதனால் வென்றவரைப் பொறுத்த தேர்தல் முடிவு கணிசமாகப் பாதிக்கப்பட்டது என்றும் நிறுவ வேண்டும். வேட்பாளரோ அவர் ஒப்புதலோடு பிறரோ ‘ஊழல் நடவடிக்கை’யில் ஈடுபட்டால் மட்டும் இந்த நிபந்தனை கிடையாது. ரேபரேலியில் லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கில் வென்ற இந்திரா காந்தியின் வெற்றியை 1975 ஜூன் 12 அன்று அலகாபாத் உயர் நீதிமன்றம் ரத்து செய்ய முடிந்தது இந்த வழியில்தான். வித்தியாசத்தின் அளவு அங்கே குறுக்கே வரவில்லை. எது ஊழல் நடவடிக்கை என்பதை 123ஆம் பிரிவு பட்டியலிடுகிறது. வண்டி பிடித்து வாக்காளரை இலவசமாகச் சாவடிக்கு அழைத்து வருவது அதில் இருக்கிறது. ஆள்மாறாட்டம் தனித் தலைப்பாக அதில் இல்லை. அது குற்றவியல் சட்டத்தின் பாடு. உண்மையான வாக்காளரைப் பேருந்தில் ஏற்றி வந்தால் வெற்றியே பறிபோகலாம். போலி வாக்காளரை ஏற்றி வந்தால், வித்தியாசத்தை விடக் குறைவாக இருக்கும் வரை, வெற்றி அசையாது. இந்த ஏற்பாட்டை என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.

2,71,592 என்ற எண் வந்தவுடன் திருப்பதிப் புகார் சட்டப்படி செத்துவிட்டதற்குக் காரணம் இதுவே. முப்பதாயிரம் அட்டைகளும் வாக்காகியிருந்தால்கூட அது வித்தியாசத்தில் ஒன்பதில் ஒரு பங்கு. இருக்கை யாருக்கு என்ற கேள்விக்குச் சட்டம் சரியான விடை தந்தது. தன் பெயரில் வேறொருவர் விரலில் மை பட்ட வாக்காளருக்கு என்ன நியாயம் என்ற கேள்வியை அது கேட்கவே இல்லை.

2024இலும் அதன் பின்னும்

2024 மே 13 வாக்குப்பதிவுக்கு மறுநாள், வாக்குப்பதிவு இயந்திரங்கள் வைக்கப்பட்டிருந்த திருப்பதி ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகத்தில் சந்திரகிரியின் தெலுங்கு தேச வேட்பாளர் தாக்கப்பட்டார். மாநிலத்தின் பிற இடங்களிலும் வன்முறை மூண்டது. ஆணையம் தலைமைச் செயலாளரையும் காவல்துறைத் தலைவரையும் தில்லிக்கு அழைத்து விளக்கம் கேட்டது, திருப்பதி எஸ்.பி. மாற்றப்பட்டார். மூன்றாண்டுக்கு முன் பேருந்தை மறித்த சினம் இப்போது இரத்தம் பார்த்தது.

ஜூன் 4 முடிவு கவனிக்க வேண்டியது. திருப்பதி நாடாளுமன்றத் தொகுதிக்குட்பட்ட ஏழு சட்டமன்ற இடங்களையும் தெலுங்கு தேசக் கூட்டணி வென்றது. நாடாளுமன்ற இடத்தை மட்டும் குருமூர்த்தி தக்கவைத்தார், 14,569 வாக்கு வித்தியாசத்தில். கள்ள ஓட்டால் முடிவு மாறாது என்ற ஆறுதல் ஒரு பெரும் வித்தியாசம் தந்த ஆறுதல்தான். 2021இல் பேசப்பட்ட முப்பதாயிரம் அட்டைகள் 2024இன் வித்தியாசத்தைப் போல இரண்டு மடங்கு.

பிகாரில் தொடங்கித் தமிழ்நாட்டுக்கும் வந்த சிறப்புத் தீவிரத் திருத்தத்தால் வாக்காளர் பட்டியல் இன்று நாடெங்கும் பேசுபொருளாகியிருக்கிறது. பட்டியலைச் சுத்தம் செய்தால் கள்ள ஓட்டு ஒழியும் என்பது அதற்குச் சொல்லப்படும் நியாயங்களில் ஒன்று. திருப்பதி வேறொன்றைக் காட்டுகிறது: அங்கே எழுந்த புகார், பட்டியலைக் காக்க வேண்டிய அலுவலகத்தின் கணக்கைப் பற்றியது. பெயர் நீக்கத்தில் காட்டும் கண்டிப்பைச் சான்றுகளைத் திறந்து காட்டுவதில் ஆணையம் காட்டவில்லை. வாக்களித்தவர் கையெழுத்திடும் 17ஏ பதிவேடு நீதிமன்ற உத்தரவின்றித் திறக்கப்படாது. 2024 டிசம்பரில் விதி 93 திருத்தப்பட்டுக் கேமரா பதிவுகள் பொதுமக்களின் பார்வைக்கு எட்டாமல் போயின. தேர்தல் மனு இல்லையென்றால் 45 நாளில் அவற்றை அழித்துவிடலாம் என்று 2025 மே மாதம் ஆணையம் அறிவுறுத்தியது. பிகாரில் விடுபட்ட 65 லட்சம் பெயர்களைக் காரணத்தோடு வெளியிடச் சொல்ல உச்ச நீதிமன்றம் தேவைப்பட்டது.

இந்த நிலையிலும் கட்சிகளின் கைக்கு வந்து சேரும் ஓர் ஆவணம் உண்டு. வாக்குப்பதிவு முடிந்ததும் ஒவ்வொரு சாவடியிலும் ஏஜென்ட்டுகளுக்குத் தரப்படும் 17சி படிவத்தில், பதிவான வாக்குகளின் எண்ணிக்கைக்குக் கீழே, 49பியின்படி எத்தனை பேருக்கு ஆய்வுக்குரிய வாக்குச்சீட்டு தரப்பட்டது என்பதற்கும் ஒரு வரி இருக்கிறது. தன் வாக்கு திருடுபோனது என்று நேரில் வந்து நிறுவியவர்களின் எண்ணிக்கை அது. உண்மையான அளவை விட அது எப்போதும் குறைவாகவே இருக்கும். ஆனால் அது பெயரும் அடையாளமும் உள்ள மனிதர்களின் கணக்கு, பேருந்துப் படங்களைப் போல மறுக்கக் கூடியதல்ல. அந்த வரியைச் சாவடிவாரியாகக் கூட்டி வெளியிட எந்தக் கட்சிக்கும் யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஆணையம் தானே அதை வெளியிடவும் இன்றைய விதிகளில் தடை ஏதும் இருப்பதாகத் தெரியவில்லை. 100ஆம் பிரிவைத் திருத்த நாடாளுமன்றம் வேண்டும். இதற்கு வேண்டியது வாக்குப்பதிவு நாள் மாலையில் ஏஜென்ட்டுகள் கொண்டுவரும் படிவங்களும், உட்கார்ந்து கூட்டிப் பார்க்கச் சில ஆட்களும்தான்.